பாஸ்போர்ட் சிப்பின் சாவி விவரப் பக்கத்திலேயே இருக்கிறது

கேள்வி: எனக்கு 61 வயது. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். பிரசவத்துக்குப் போக வேண்டியிருந்ததால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். வந்திருக்கும் புத்தகத்தின் அட்டையில் தங்க நிறத்தில் ஒரு சின்னக் குறி இருக்கிறது. உள்ளே சிப் இருக்கிறதாம். கூட்டத்தில் பையை உரசிக்கொண்டு போகிறவன்கூட அதிலுள்ள எல்லாவற்றையும் மெஷின் வைத்து உறிஞ்சிவிடுவான், நாம் எங்கே போனாலும் அது காட்டிக்கொடுத்துவிடும், பேங்க் கணக்குகூட அதில் இருக்கிறது என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். சமையலறை அலுமினியத் தாளில் சுற்றி வைக்கச் சொல்கிறார் ஒருவர். மைக்ரோவேவில் மூன்று வினாடி வைத்தால் சிப் செத்துவிடும் என்கிறான் அண்ணன் மகன். டிக்கெட் போட்டுத்தரும் ஏஜென்ட் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன். நான் என்ன செய்ய வேண்டும்?
– கும்பகோணம் வாசகி

பதில்: அம்மா, முதலில் ஒன்று. பாஸ்போர்ட்டை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். சிப்பைச் சுற்றி மெல்லிய உலோகக் கம்பி ஆன்டெனாவாக ஓடுகிறது. அடுப்புக்குள் அது சூடேறிப் பொறி தட்டும், தாளில் கருகல் தடம் விழும். சிப் பழுதாகிப்போன பாஸ்போர்ட்டைப் பெரும்பாலான நாடுகள் சாதாரணப் பாஸ்போர்ட்டாக எடுத்துக்கொண்டு கையால் சரிபார்க்கும். அட்டை கருகிய பாஸ்போர்ட்டைப் பார்க்கிற அதிகாரிக்கு வேறு சந்தேகம் வரும்: யாரோ எதையோ மாற்றப் பார்த்திருக்கிறார்கள் என்று. பிரசவத்துக்குக் கிளம்பும் நாளில் ஏர்லைன் கவுன்ட்டரிலேயே நிறுத்திவைக்க அது போதும். 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி அந்தப் புத்தகம் எப்போதும் மத்திய அரசின் சொத்து. நம் கையில் இருந்தாலும் நம்முடையது ஆகாது. சேதமான புத்தகத்துக்குப் பதில் புத்தகம் வாங்க 36 பக்கத்துக்கு 3,000 ரூபாய், சேவா கேந்திராவுக்கு மறுபடி ஒரு நடை, ஏன் சேதமானது என்று ஒரு விளக்கம். சுத்தியலால் தட்டச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

இனி பயத்துக்கு வருவோம். அது வெறும் வாட்ஸ்அப் புரளி என்று தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் அது பிறந்த இடத்தில் நியாயம் இருந்தது. 2005இல் அமெரிக்கா சிப் பாஸ்போர்ட் திட்டத்தை அறிவித்தபோது, சிப்பில் உள்ளதைப் பூட்டாமலே வைப்பதாக இருந்தது. மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2,335 கருத்துகள் வந்தன, அவற்றில் 98.5 சதவீதம் எதிர்ப்பு. அதன் பிறகுதான் சிப்புக்குப் பூட்டும், அட்டைக்குள் உலோகத் தடுப்பும் சேர்த்து, 2006 ஆகஸ்டில் கொடுக்கத் தொடங்கினார்கள். பெல்ஜியத்தில் அந்தப் பூட்டு இல்லாமலே 2004 கடைசி முதல் 2006 நடுப்பகுதி வரை பாஸ்போர்ட் கொடுத்துவிட்டார்கள். லூவாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் அதை வெளியே கொண்டுவந்தார்கள். ஆக, கேள்வி கேட்டவர்களால்தான் இன்று உங்கள் கையில் இருப்பது பூட்டோடு வந்திருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி அந்தப் பூட்டுக்கு முந்தைய காலத்தையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் இந்தப் பாஸ்போர்ட் 2024 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கியது. சென்னை மண்டல அலுவலகம் 2025 மார்ச் 3 முதல் கொடுக்கிறது. அட்டையில் நீங்கள் பார்த்த தங்கக் குறி, நடுவில் வட்டம் உள்ள சின்னச் செவ்வகம், உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே சிப் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

சிப்பில் என்ன இருக்கிறது? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, தன் 9303ஆம் எண் ஆவணத்தில் இதை அறை அறையாக வகுத்திருக்கிறது. முதல் அறையில், விவரப் பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் இரண்டு வரிகள் அப்படியே. இரண்டாவது அறையில் உங்கள் முகப்படம், பெரும்பாலும் 15 முதல் 20 கிலோபைட். கைரேகை வைக்கிற நாடுகளில் அது மூன்றாவது அறை, அதற்குத் தனிப் பூட்டு உண்டு. கடைசியாக, இவையெல்லாம் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் அரசின் மின்னணுக் கையெழுத்து. ஓர் எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து ஒத்துவராது. போலிப் பாஸ்போர்ட் செய்கிறவர்களுக்குப் புகைப்படத்தைப் பிரித்து ஒட்டுகிற பழைய வேலை இதனால்தான் கஷ்டமாகிவிட்டது. பேங்க் கணக்கு இதில் கிடையாது. அதற்கென்று அறையே ஒதுக்கவில்லை.

சிப்புக்கு பேட்டரி கிடையாது, சிம் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் ரீடர் வந்தால் அதன் காந்தப்புலத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு விழித்துப் பேசும், ரீடர் விலகினால் தூங்கிவிடும். 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 10 சென்டிமீட்டருக்குள் வேலை செய்யும்படி வடிவமைத்தது. தூரம் கூடக்கூடக் காந்தப்புலம் மிக வேகமாக வலுவிழக்கும். தூரம் இரு மடங்கானால் வலு எட்டில் ஒரு பங்கு. பெரிய ஆன்டெனாவும் கூடுதல் மின்சாரமும் கொடுத்து ஆய்வகத்தில் 25 சென்டிமீட்டர் வரை இந்த வகைச் சிப்புகளை விழிக்கவைத்திருக்கிறார்கள். தெருமுனையில் நின்று படிக்கிற கதை நடக்காது. ஆனால் டவுன் பஸ் நெரிசலில் 10 சென்டிமீட்டர் என்பது பெரிய தூரம் இல்லை என்று நீங்கள் கேட்டால், அது சரியான கேள்வி.

அங்கேதான் பூட்டு வருகிறது. விழித்த சிப் ரீடரிடம் முதலில் சாவி கேட்கும். அந்தச் சாவி மூன்று விஷயங்களிலிருந்து செய்யப்படுகிறது: பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி. இமிக்ரேஷன் அதிகாரி புத்தகத்தை விரித்துக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கிறாரே, அடி வரிகளை மெஷின் படித்துச் சாவி செய்துகொள்வதற்காகத்தான் அது. சாவி பொருந்தினால்தான் சிப் திறக்கும், அதன் பிறகு ரீடரோடு பேசுகிற ஒவ்வொரு சொல்லும் குறியாக்கத்தில் போகும். விவரப் பக்கத்தை விரித்துக் காட்டினால்தான் சிப்பைப் படிக்கலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

பையை உரசுகிறவனிடம் விவரப் பக்கம் இல்லை. அவன் ஊகிக்கத்தான் வேண்டும். உங்கள் பாஸ்போர்ட் எண் அவனுக்கு எப்படியோ தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். ஆளைப் பார்த்து வயதைப் பத்து ஆண்டு இடைவெளிக்குள் மதிப்பிட்டான், அது 3,650 நாள். காலாவதி தேதியும் அடுத்த பத்து ஆண்டுக்குள் ஏதோ ஒரு நாள், அது இன்னொரு 3,650. பெருக்கினால் 1 கோடியே 33 லட்சத்துக்கு மேல். சிப்பிடம் வினாடிக்கு ஒரு சாவி போட்டுப் பார்க்க முடிந்தாலும் எல்லாவற்றையும் முயல 154 நாள் ஆகும். 154 நாளும் அவன் உங்கள் பையோடு ஒட்டிக்கொண்டே வர வேண்டும். எண்ணும் தெரியாதென்றால் கணக்கே வேண்டாம்.

இந்தப் பூட்டில் ஒரு பலவீனம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரியின் ரீடர் உங்கள் சிப்போடு பேசும்போது யாராவது சில மீட்டர் தள்ளி நின்று அந்த உரையாடலைப் பதிவுசெய்துவிட்டால், பிறகு வீட்டில் உட்கார்ந்து கணினியில் வேகமாகச் சாவி தேடலாம், சிப்பின் நிதானம் அங்கே குறுக்கே வராது. 2005இல் ரிஸ்க்யூர் என்ற நிறுவனம் நெதர்லாந்துப் பாஸ்போர்ட்டை வைத்து இதைக் காட்டியது. அங்கே எண்கள் வரிசையாக, வெளியிட்ட தேதியை ஒட்டியே போனதால் ஊகிப்பது எளிதாகி, ஒரு சாதாரணக் கணினியில் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் சாவி கிடைத்தது. அதற்கு மாற்றாக வந்ததுதான் பேஸ் (PACE) என்ற புதிய பூட்டுமுறை. உரையாடலைப் பதிவுசெய்தாலும் அதிலிருந்து சாவியைத் தேட முடியாதபடி அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 முடிவிலிருந்து இதைக் கட்டாயமாக்கியது. பதிவுசெய்கிறவன் இமிக்ரேஷன் கவுன்ட்டருக்குப் பக்கத்திலேயே கருவியோடு நிற்க வேண்டும் என்பதால் இது சாதாரணத் திருடனுக்கு உரிய வேலை இல்லை.

எங்கே போனாலும் காட்டிக்கொடுக்குமா? பல சிப் அட்டைகளுக்கு மாறாத ஓர் அடையாள எண் உண்டு, எழுப்பிய உடனே அதைச் சொல்லிவிடும். அதை வைத்து இதே அட்டை நேற்றும் இந்த வாசலைக் கடந்தது என்று கண்டுபிடிக்கலாம். பாஸ்போர்ட் சிப்பில் இதைத் தவிர்க்க ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் புதிதாக ஒரு எண்ணைச் சொல்லும் வழி இருக்கிறது, பெரும்பாலான நாடுகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. இருந்தும் ஆய்வாளர்கள் இடுக்கு கண்டுபிடித்தார்கள். நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழகத்தினர் 2008இல், தவறான கட்டளை கொடுத்தால் சிப் தரும் பிழைச் செய்தியை வைத்தே அது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று சொல்ல முடியும் என்று 10 நாடுகளின் பாஸ்போர்ட்டுகளில் காட்டினார்கள். 2010இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் இருவர், ஒரு முறை பதிவுசெய்த செய்தியைத் திருப்பி அனுப்பி, சிப் பதில் சொல்ல எடுக்கும் நேர வித்தியாசத்தை வைத்து இது அதே பாஸ்போர்ட்தானா என்று கண்டறியலாம் என்று காட்டினார்கள். பெயரோ படமோ அதில் தெரியாது, பக்கத்தில் வந்தால்தான் வேலை செய்யும். பின்தொடரப்படும் அபாயத்தில் இருக்கிற ஒரு பத்திரிகையாளருக்கு இதைச் சொல்ல வேண்டியது அவசியம். உங்கள் பயணத்துக்கு இது பொருட்டே இல்லை. கையிலிருக்கிற செல்போன் இதைவிட எத்தனையோ மடங்கு உங்கள் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் எந்த நாட்டுக்கு எப்போது போனீர்கள் என்பது இமிக்ரேஷன் கணினியில் பதிவாகிறது. சிப் இல்லாத காலத்திலும் அது பதிவானது. இப்போதைய சிப்புகளில் அச்சான பிறகு எதையும் சேர்த்து எழுதுவதில்லை, பூட்டித்தான் கொடுக்கிறார்கள். பயண முத்திரையையும் விசாவையும் சிப்பிலேயே எழுதுவதற்கு ஐகாவோ தனியாக ஒரு விதி வகுத்திருக்கிறது, கட்டாயமில்லாத விதி. எந்த நாடாவது அதைக் கையிலெடுக்கும் நாளில் இந்தக் கேள்வியை மறுபடி கேட்க வேண்டும், அப்போது பதில் வேறாக இருக்கலாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த வரிக்கு வருகிறேன். கேள்விக்கு முந்தைய வரி. ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிப்பின் சாவி எது என்று மேலே பார்த்தோம்: எண், பிறந்த தேதி, காலாவதி தேதி. மூன்றும் அந்தப் படத்தில் இருக்கின்றன. பஸ்ஸில் உரசுகிறவன் 154 நாள் முயன்றாலும் கிடைக்காத சாவி, ஏஜென்டின் போன் கேலரியில் கல்யாண போட்டோக்களுக்கு நடுவில் கிடக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தப் போன் பழுதுபார்க்கப் போகும், அதிலுள்ள படங்கள் தானாகவே இணையக் கணக்கில் ஏறியிருக்கும், கடைப் பையனின் கணினியிலும் வாட்ஸ்அப் திறந்திருக்கும்.

அந்தப் படத்தை வைத்துச் சிப்பைத் திறக்க ஒருவன் உங்கள் பக்கத்திலும் வர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அவனுக்கு அந்தச் சிரமமே தேவையில்லை. சிப்பில் இருப்பதில் பெரும்பகுதி படத்திலேயே இருக்கிறது. உங்கள் பெயரில் சிம் வாங்க, லாட்ஜில் ரூம் போட, கடன் செயலியில் கணக்குத் திறக்கப் பார்க்க, விசா மோசடிக்காரன் ‘உங்கள் விண்ணப்பத்தில் சிக்கல்’ என்று எண்ணைச் சரியாகச் சொல்லிப் பயமுறுத்த, எல்லாவற்றுக்கும் படம் போதும். கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தால் இன்னும் மோசம். பெற்றோர் பெயர், முகவரி, கோப்பு எண் எல்லாம் அங்கே அச்சாகியிருக்கும் புத்தகங்கள் உண்டு; கோப்பு எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்ப நிலையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அதனால் விவரப் பக்கத்தைக் கொடுப்பதில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் போடுகிறவருக்குப் படமே வேண்டாம். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இவ்வளவு போதும். பாஸ்போர்ட் எண்ணும் காலாவதி தேதியும் கேட்கிற விமான நிறுவனங்கள் உண்டு, அவற்றை நீங்களோ மகளோ நிறுவனத்தின் தளத்திலேயே நேராக நிரப்பலாம். எழுத்துப்பிழை வந்துவிடும் என்று ஏஜென்ட் சொன்னால், பெயர் வரியை மட்டும் வெட்டிய படத்தை அனுப்புங்கள்.

முழுப் பக்கத்தையும் கேட்கிற இடங்கள் இருக்கத்தான் செய்யும்: விசா, பேங்க், வெளிநாட்டு ஓட்டல். விசாவுக்கு அரசின் தளத்திலோ அவர்கள் நியமித்த மையத்திலோ கொடுப்பதைத் தவிர்க்க முடியாது. மற்ற இடங்களில் ஜெராக்ஸ் கொடுப்பதென்றால் அதன் குறுக்கே, முகப்படத்தின் ஓரம் வரை போகும்படி, ‘இன்ன விடுதியில் தங்குவதற்கு மட்டும்’ என்று தேதியோடு பேனாவால் எழுதுங்கள். மறைக்க அனுமதித்தால் மறையுங்கள், ஆனால் முறையாக. பலர் அடியில் உள்ள இரண்டு வரியை மட்டும் கறுப்படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அதே மூன்று விவரமும் மேலே தனித்தனியாக அச்சாகியிருக்கிறது. இன்னும் ஒரு நுணுக்கம்: காலாவதி தேதியை மறைத்து, வெளியிட்ட தேதியை விட்டுவைத்தால் மறைத்ததாகவே ஆகாது. நம் ஊர்ப் பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்கு ஒரு நாள் குறைவாக முடியும். 15-03-2025இல் கொடுத்தது 14-03-2035இல் முடியும். ஒன்று தெரிந்தால் மற்றது தெரிந்த மாதிரி. இரண்டையும் மறைக்க வேண்டும். போனில் படத்தின் மேல் கோடு கிழிக்கிறவர்கள், மார்க்கர் போல மங்கலாகத் தெரியும் பேனாவைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரிந்துவிடும். காகிதத்தில் துண்டுத் தாளை வைத்து மூடி, அதன் பிறகு படமெடுப்பதுதான் நிச்சயமான வழி.

ஜெராக்ஸ் கடை பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகத்தை நேராகக் கண்ணாடியில் வைத்து எடுத்தால் பெரிய பாதகமில்லை. கடையின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரின்ட் எடுப்பதுதான் வம்பு. கோப்பு அவர் கணினியில் டவுன்லோட் ஃபோல்டரில் விழுந்து மாதக்கணக்கில் கிடக்கும். அப்படி அனுப்பியே ஆக வேண்டுமென்றால், பிரின்ட் வந்ததும் உங்கள் கண்முன் அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்திலும் ‘எல்லாருக்கும் அழி’ கொடுங்கள். சங்கடப்படாமல் கேளுங்கள். சரியாக வராத பிரதியைக் கடையிலேயே விட்டுவராதீர்கள், கிழித்துக் கையோடு கொண்டுவாருங்கள்.

வெளிநாட்டில் ஸ்கூட்டர் வாடகைக்கோ வேறெதற்கோ பாஸ்போர்ட்டையே அடமானமாகக் கேட்பவர்கள் உண்டு. அதற்கு ஒத்துக்கொள்ளவே வேண்டாம். பணமாக முன்தொகை கொடுங்கள்.

சிப்பைப் படிப்பதற்காகப் பாஸ்போர்ட்டைப் போனோடு ஒட்டிப் பிடியுங்கள் என்று கேட்கும் செயலிகள் வெளிநாட்டு பேங்குகளிலும் விசா சேவைகளிலும் பெருகிவருகின்றன. இது ஜெராக்ஸைவிடப் பெரிய விஷயம். அப்படிப் படித்தால் உங்கள் தெளிவான முகப்படமும் விவரமும் அரசின் மின்னணுக் கையெழுத்தோடு அந்த நிறுவனத்தின் கைக்குப் போகிறது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிவிடலாம். முகத்தையும் பிறந்த தேதியையும் மாற்ற முடியாது. அரசின் செயலி என்றால், அல்லது நீங்களே தேடிப்போய்க் கணக்குத் திறக்கும் பேங்க் என்றால் செய்யலாம். லிங்க் அனுப்பி வரச்சொல்லும் எந்தச் செயலியிலும் செய்யாதீர்கள்.

சிப் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால், மகளிடம் சொல்லுங்கள், அவர் போனிலேயே பார்க்கலாம். பக்கத்தில் வரும் சிப்பைப் படிக்கிற என்எஃப்சி வசதியுள்ள ஆண்ட்ராய்டு போனோ ஐபோன் 7க்குப் பிந்தையதோ போதும். பாஸ்போர்ட் சிப்பைப் படித்துக்காட்டும் செயலிகளில், விவரத்தை எங்கும் அனுப்பாது என்று தெளிவாகச் சொல்லும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, படிக்கும்போது வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடலாம். முதலில் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றையும் கொடுக்கச் சொல்லும். பூட்டு என்று இவ்வளவு நேரம் சொன்னது இதுதான், கண்ணால் பார்க்கலாம். ஒரு தேதியைத் தவறாகக் கொடுத்தால் சிப் வாய் திறக்காது. சரியாகக் கொடுத்து, புத்தகத்தை மரமேசையில் வைத்து, போனை அட்டையின் மேல் மெதுவாக நகர்த்தினால் ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளும், சில வினாடியில் உங்கள் முகம் திரையில் வரும். ஸ்டீல் மேசை, காந்தம் வைத்த போன் உறை, படித்து முடிக்கும் முன் கையை எடுப்பது, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் தடையாக இருக்கும். முடிந்ததும் செயலியை நீக்கிவிடுங்கள்.

அடி வரிகளில் பிறந்த தேதிக்குப் பின்னால் ஓர் எண் கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பலர் தேதி தப்பாக அச்சாகிவிட்டது என்று பயப்படுகிறார்கள். அது சரிபார்க்கும் எண். 1964 ஏப்ரல் 12 என்ற தேதி 640412 என்று வரும். இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆல் பெருக்கிக் கூட்டினால் 42, 12, 0, 28, 3, 2, மொத்தம் 87. அதன் கடைசி இலக்கமான 7 தேதியின் பின்னால் ஒட்டிக்கொண்டு 6404127 ஆகும். மெஷின் ஓர் இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் உடனே பிடித்துக்கொள்ள இந்த ஏற்பாடு.

அலுமினியத் தாள்? முழுவதுமாக மூடினால் உண்மையிலேயே தடுக்கும். அலை உலோகத்தில் பட்டு அங்கேயே அடங்கிவிடும். ஓரம் திறந்திருந்தால் பயன் குறையும். ஆனால் தாளைச் சுற்றிச் சுற்றிப் பிரிப்பதில் அட்டை மூலை மடங்கி, ஆன்டெனா கம்பி அறுந்துவிடும் அபாயம்தான் அதிகம். மனம் கேட்கவில்லையென்றால் உள்ளே உலோகப் படலம் வைத்த பாஸ்போர்ட் உறை ஒன்று வாங்குங்கள், விலை உயர்ந்தது தேவையில்லை. வாங்கியதை மேலே சொன்னபடி போனால் சோதித்துப் பார்க்கலாம்: உறைக்குள் இருக்கும்போது போன் சிப்பைப் பிடித்தால் அந்த உறை வெறும் பை. பூட்டு இருப்பதால் இந்த உறை அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சிப்புக்கு உண்மையான எதிரிகள் வேறு. அட்டையில் ஸ்டேப்ளர் அடிப்பது, பஞ்ச் செய்வது, பின் பாக்கெட்டில் வைத்து உட்காருவது, நனைவது. டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்கிற பழக்கம் டிராவல் அலுவலகங்களில் இன்னும் போகவில்லை. கண்ணில் பட்டால் தடுத்துவிடுங்கள். ஏர்போர்ட் எக்ஸ்ரே சிப்பை ஒன்றும் செய்யாது.

கைரேகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தனியுரிமை என்று வரும்போது எனக்குச் சிப்பைவிட அதுதான் பெரிது. கைரேகை சிப்பில் மட்டும் இருந்தால் அது உங்கள் பையோடு போகிறது, உங்கள் பையோடு வருகிறது. ஓர் இடத்தில் எல்லாருடையதையும் குவித்துவைத்தால்தான் கசிவும் வேறு வேலைக்குப் பயன்படுத்துவதும் வரும். ஜெர்மனியில் பாஸ்போர்ட் கைரேகையைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நெதர்லாந்து சேர்க்கத் தொடங்கி, எதிர்ப்பு வந்ததும் 2011இல் நிறுத்தியது. பயணம் போகிறவர்களின் கைரேகையையும் முகத்தையும் போய் இறங்குகிற நாடுகளே கவுன்ட்டரில் எடுத்துக்கொள்வதும் இப்போது வழக்கம். சிங்கப்பூரில் உங்களிடமும் எடுப்பார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 2025 அக்டோபர் 12 முதல் இதற்குப் புதிய முறை வந்திருக்கிறது, பொதுவாக 3 ஆண்டு வைத்திருப்பார்கள். இவற்றுக்கும் உங்கள் சிப்புக்கும் தொடர்பில்லை. பழைய பாஸ்போர்ட்டோடு போனாலும் எடுப்பார்கள். சிப்பைக் கொன்றுவிட்டால் இதிலிருந்து தப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிப் வேண்டாம் என்பதற்காகப் பழைய புத்தகத்தை வைத்திருந்திருக்கலாமே என்று வருத்தப்படவும் வேண்டாம். பழைய வகைப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அதன் காலம் முடியும் வரை பயன்படுத்தலாம், ஓடிப்போய் மாற்ற வேண்டியதில்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. உங்களுக்குப் புதுப்பிக்கும் நேரம் வந்தது, அதனால் புதியது வந்தது.

இன்று மாலை ஏஜென்டுக்கு ஒரு போன் போடுங்கள். டிக்கெட் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். ஆகிவிட்டதென்றால் படத்தைக் கேலரியிலிருந்தும், வாட்ஸ்அப்பிலிருந்தும், கடைக் கணினியிலிருந்தும் அழித்துவிட்டு ஒரு வரி பதில் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் போனிலும் அந்த உரையாடலில் படத்தை அழித்துவிட்டு, ‘சமீபத்தில் நீக்கியவை’ பகுதியையும் காலி செய்யுங்கள். அழிந்த பிறகும் படத்தின் நகல் எங்காவது இருக்கலாம் என்பதால், அடுத்த சில மாதங்களுக்கு பாஸ்போர்ட் அலுவலகம், ஏர்லைன், தூதரகம் என்று சொல்லிக்கொண்டு வரும் அழைப்புகளில் உங்கள் பாஸ்போர்ட் எண்ணைச் சரியாகச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து யாரையும் நம்பாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். புத்தகத்தைப் பட்டுப்புடவை வைக்கிற பீரோவில் தட்டையாக வைத்தால் போதும், அலுமினியத் தாள் சமையலறையிலேயே இருக்கட்டும்.